முப்பது வருடம் கழித்து மேடை ஏறும் நியூ வேவ் குழு: சுருதியை இறக்கலாமா, மறைந்தவரின் இடத்தில் யாரை நிறுத்துவது?

அருவங்காடு கீபோர்டு கேட்டது:

வணக்கம் எல்லோருக்கும். எண்பதுகளின் கடைசியில் குன்னூர், வெலிங்டன் பக்கம் இருந்தவர்கள் எங்கள் குழுவைப் பார்த்திருக்கலாம். கல்யாண வீட்டில் தமிழ்ப் பாட்டு, கிளப்பிலும் கிறிஸ்துமஸ் விழாவிலும் நியூ வேவ் என்ற ஆங்கில ராக் பாட்டு. போலீஸ், பிளாண்டி, கார்ஸ், டுரான் டுரான் என்ற வெளிநாட்டுக் குழுக்கள்தான் எங்கள் உயிர். விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது அவர்களிடம் கேசட்டை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பி வருவதற்குள் டேப் இழுபடும்வரை ரீவைண்ட் பண்ணிப் பண்ணிப் படித்த பாட்டுகள். நோட்ஸ் எழுதித் தர ஆள் கிடையாது. காதுதான் எல்லாம். தொண்ணூறுகளின் நடுவில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஊர் என்று பிரிந்தோம், சண்டை எதுவும் இல்லை.

இப்போது டிசம்பர் கடைசியில் குன்னூரில் ஒரு மண்டபத்தில் மறுபடி மேடை ஏறுவதாக முடிவு செய்திருக்கிறோம். டிரம்மர் இங்கேதான் இருக்கிறார், ரிடையர் ஆகிவிட்டார். பாடுகிறவரும் கிதார்காரரும் ஒரே ஆள், அவர் சென்னையில். நான் கீபோர்டு. எங்கள் பேஸ் கிதார்காரர் போன வருடம் இறந்துவிட்டார். அவர் போன பிறகுதான் எல்லோருக்கும் இந்த எண்ணமே வந்தது, அவர் இருக்கும்போதே செய்திருக்கலாம் என்று மூன்று பேருமே சொல்கிறோம்.

எனக்கு உங்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. பாடுகிறவருக்கு வயது அறுபதை நெருங்குகிறது, பழைய சுருதியில் மேலே எட்டவில்லை. இறக்கலாம் என்றால் அவருக்கு மனமில்லை, ‘ஒரிஜினல் ஸ்கேல் இல்லையென்றால் அது அந்தப் பாட்டே இல்லை’ என்கிறார். பேஸுக்கு வெளியாள் எடுப்பதா, அல்லது நானே இடது கையில் வாசித்துச் சமாளிப்பதா? அப்புறம் என் பழைய யமஹா டி.எக்ஸ். 7 கீபோர்டு அலமாரியில் இருக்கிறது, பல வருடமாக ஆன் செய்யவில்லை. அதை எடுக்கலாமா, இல்லை லேப்டாப்பா? பெரிய குழுக்கள் திரும்பி வந்தபோது என்ன செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊர்க்காரர்கள் ஊர் நிலவரமும் சொல்லுங்கள்.

பழைய கேசட், கொடைக்கானல்:

அண்ணா, முதலில் வாழ்த்துகள். நான் வாசிப்பவன் இல்லை, கேட்பவன் மட்டும்தான். ஆனால் இந்தக் குழுக்கள் திரும்பி வந்த கதைகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடிப் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

சுருதி விஷயத்தில் உங்கள் பாடகரிடம் ஒன்று சொல்லுங்கள். போலீஸ் குழு 1984இல் சுற்றுப்பயணம் முடித்துப் பிரிந்து, 2007 மே மாதம் கனடாவின் வான்கூவரில் மறுபடி தொடங்கினார்களே, அந்தப் பயணத்தில் பேஸ் வாசித்துப் பாடும் ஸ்டிங்குக்கு வயது ஐம்பத்தைந்துதான். யோகா, உடற்பயிற்சி என்று உடம்பைப் பார்த்துக்கொண்ட ஆள். அவரே பல பாட்டுகளைச் சுருதி இறக்கித்தான் பாடினார். மைதானம் மைதானமாகக் கூட்டம் நிரம்பியது, 2008 ஆகஸ்டில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முடிக்கும்வரை உலகம் முழுக்கச் சுற்றினார்கள். எங்கேயும் யாரும் சுருதிப்பெட்டி வைத்துச் சரிபார்க்கவில்லை. இருபத்தைந்து வயதில் உச்சத்தில் கத்திப் பாடிய இடத்தை ஐம்பத்தைந்தில் தாங்கிப் பாடும்போது அந்தப் பாட்டுக்கு வேறு ஒரு கனம் வருகிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

இதே 2007இல் இன்னொன்றும் நடந்தது, அது உங்களுக்குச் சுருதியைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். வான்கூவரில் இரண்டாம் இரவுக் கச்சேரி முடிந்ததும் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் தன் இணையதளத்தில், இன்று நாங்கள் மோசமாக வாசித்தோம், தொடக்கத்திலேயே ஒருவருக்கொருவர் பிசகிவிட்டது என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், அதற்காகவே அவரை இன்னும் பிடித்துப்போனது. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: அவ்வளவு ஒத்திகை பார்த்த மூன்று பேருக்கே பாட்டைத் தொடங்கும் இடத்தில் தடுமாற்றம். நடுவில் எல்லோருக்கும் கை தானாக ஓடும். யார் எண்ணிக் கொடுப்பது, எந்த அடியில் நுழைவது, எப்படி நிறுத்துவது, இவைதான் முப்பது வருடத்தில் மறந்துபோகும். அதனால் ஒத்திகையில் முழுப் பாட்டை ஓட்டிக்கொண்டே இருக்காமல் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் தனியாக எடுத்துத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

இந்த போலீஸ் குழு 1980 மார்ச்சில் பம்பாய் வந்து ஹோமி பாபா அரங்கத்தில் வாசித்துவிட்டுப் போனது. நம் நாட்டுக்கு அப்போதெல்லாம் அப்படிப்பட்ட குழுக்கள் வருவதே அபூர்வம். அந்தக் கச்சேரியைப் பார்த்த யாரையாவது வாழ்நாளில் ஒருமுறை நேரில் சந்திக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பேஸ் பற்றி. கார்ஸ் குழுவின் கதை உங்கள் கதைக்கு ரொம்பப் பக்கம். அதில் பேஸ் வாசித்துக்கொண்டே பாதிப் பாட்டுகளைப் பாடிய பெஞ்சமின் ஆர் 2000ஆம் ஆண்டு கணையப் புற்றுநோயில் இறந்தார். குழு அதற்கு முன்பே, 1988இலேயே கலைந்திருந்தது. மீதி நான்கு பேரும் 2011இல் சேர்ந்து புது ஆல்பம் போட்டுச் சின்னதாக ஒரு சுற்றுப்பயணமும் போனார்கள். பெஞ்சமின் இடத்துக்கு ஆள் எடுக்கவே இல்லை. பேஸ் பகுதியைக் கீபோர்டுக்காரர் கிரெக் ஹாக்ஸ் எடுத்துக்கொண்டார். ஆல்பத்தில் சில இடங்களில் பெஞ்சமினுடைய பேஸ் கிதாரையே எடுத்து அவர் வாசித்திருக்கிறார். ஆனால் 2018இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட விழாவில் வாசித்தபோது வீஸர் குழுவின் ஸ்காட் ஷ்ரைனரை பேஸுக்கு நிறுத்தினார்கள். ஆக ஒரே குழு, இரண்டு தடவை, இரண்டு விதமாகச் செய்தது. இரண்டுமே மரியாதையாகத்தான் இருந்தது.

மரியாதையாக இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் இன்எக்ஸ்எஸ் குழு தங்கள் பாடகர் மைக்கேல் ஹட்சென்ஸ் 1997இல் இறந்த பிறகு, 2005இல் டிவியில் போட்டி நடத்திப் பாடகரைத் தேர்ந்தெடுத்தது. வந்தவர் நன்றாகப் பாடினார், அவர் மீது குறை இல்லை. ஆனால் போனவரின் நாற்காலியை ஏலம் விட்டது போல எனக்குப் பட்டது, இன்றுவரை அதை ஏற்க முடியவில்லை.

கோத்தகிரி பாட்டு டீச்சர்:

தம்பி, பாட்டுக்காரர் பக்கம் நான் பேசுகிறேன். தேவாலயப் பாடகர் குழுவில் அறுபது எழுபது வயதுக்காரர்களைப் பாட வைத்துக்கொண்டிருப்பவள் நான்.

அவர் மனம் நோகாமல் சுருதி இறக்க ஒரு வழி உண்டு. எந்தப் பாட்டு எந்தச் சுருதி என்று பேச்சே எடுக்காதீர்கள். பாட்டில் ஆக உயரத்தில் வரும் இடத்தை மட்டும் எடுத்து, பெரும்பாலும் அது பல்லவி திரும்பி வருகிற இடமாக இருக்கும், அதைத் தொடர்ந்து நாலைந்து தடவை பாடச் சொல்லுங்கள். ஒரு தடவை யாரும் எட்டிவிடுவார்கள். கச்சேரியில் அந்தப் பல்லவி எத்தனை தடவை வருமோ அத்தனை தடவையும் தொண்டை இறுகாமல் வருகிறதா என்பதுதான் கணக்கு. வரவில்லையென்றால் அரைக்கட்டை இறக்குங்கள், மறுபடி பாடச் சொல்லுங்கள். முகம் தளர்ந்து, தோள் கீழே இறங்கும் பாருங்கள், அதுதான் அவர் சுருதி. அவரே ஒப்புக்கொள்வார்.

இன்னொன்று, அவர் சென்னையிலிருந்து வருகிறார் என்கிறீர்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். முந்தின நாள் இரவு ரயிலேறி, காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ஏறி, மாலையில் மேடை என்று திட்டம் போடவே போடாதீர்கள். கீழே இருந்து வருபவர்களுக்கு இங்கே நீண்ட வரி பாடினால் கடைசிச் சொல்லில் மூச்சு தட்டும். எங்கள் பாடகர் குழுவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து விருந்தினராகப் பாட வருபவர்களிடம் இதைக் கண்ணெதிரே பார்க்கிறேன், வழக்கமாக மூச்சு எடுக்காத இடத்தில் எடுக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் முன்பே வந்து தங்கட்டும். டிசம்பர் குளிரில் ராத்திரி தொண்டை வறண்டுவிடும், ஹீட்டர் போட்டுத் தூங்கினால் இன்னும் மோசம். ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். தொண்டையைச் செருமிச் செருமிச் சரிசெய்யும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள், குரல் நாண் வீங்க அதுவும் ஒரு காரணம். வெந்நீர் குடித்து விழுங்கினால் போதும்.

டிரம்மர் அண்ணாவையும் கொஞ்சம் பாருங்கள். எல்லோரும் பாடுகிறவரைப் பற்றியே கவலைப்படுகிறோம், மேடையில் உடம்பால் அதிகம் உழைப்பவர் அவர்தான்.

பழைய கேசட், கொடைக்கானல்:

டீச்சரம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. ஓ.எம்.டி. குழுவின் டிரம்மர் மால்கம் ஹோம்ஸ் 2013 ஜூலையில் டொராண்டோவில் கடும் வெக்கையில் வாசித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார், இதயமே சில நிமிடம் நின்றுவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அத்தோடு குழுவில் வாசிப்பதை விட்டுவிட வேண்டியதாயிற்று. குன்னூரில் வெக்கை இல்லை என்றாலும் இந்த வயதில் ஒரு முழுக் கச்சேரி வாசிக்கும் முன்பு டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. வேகமான பாட்டு இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து வராமல் வரிசையைப் போடுங்கள்.

மைக் செட்காரன், ஊட்டி:

சார், கீபோர்டு பற்றியும் மேடை பற்றியும் நான் சொல்கிறேன், இதுதான் என் பிழைப்பு.

டி.எக்ஸ். 7ஐ அவசரப்பட்டு ஆன் செய்யாதீர்கள். முதலில் பின்பக்க லேபிளைப் பாருங்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவந்த மெஷின்களில் பல ஜப்பான் 100 வோல்ட் அல்லது அமெரிக்கா 120 வோல்ட். அப்போது நீங்கள் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டியிருப்பீர்கள், அது இப்போது எங்கே போனதோ. நேராக நம் லைனில் சொருகினால் பவர் சப்ளை அன்றைக்கே போய்விடும்.

வோல்டேஜ் சரியென்றால் அடுத்தது உள்ளே இருக்கும் பேட்டரி. சிஆர் 2032 என்ற சில்லறைக் காசு அளவு லித்தியம் பேட்டரி, போர்டில் வைத்தே சால்டர் செய்திருப்பார்கள். நீங்கள் சேமித்து வைத்த 32 சவுண்டும் அந்த ஒரு பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. இத்தனை வருடத்தில் அது செத்திருக்க நிறைய வாய்ப்பு. செத்திருந்தால் மெஷின் ஓடும், சவுண்டுதான் கன்னாபின்னா என்று வரும். அதைப் பார்த்து மெஷினே போச்சு என்று நினைத்து யாருக்காவது சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், இங்கே பலர் அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள். பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தால், கழற்றும் முன்பு மிடி (கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது) கேபிள் போட்டு 32 சவுண்டையும் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கழற்றின நிமிடம் எல்லாம் போய்விடும். புதிது போடும்போது நேராகச் சால்டர் செய்யாமல் ஒரு ஹோல்டர் வைக்கச் சொல்லுங்கள், அடுத்த தடவை கையாலேயே மாற்றலாம்.

இறக்கி வைத்த அந்த ஃபைலை டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருளில் போட்டால் லேப்டாப்பிலும் அதே சவுண்டு வரும். அதனால் லேப்டாப்பா மெஷினா என்ற சண்டையே வேண்டாம். மேடையில் மெஷின், பக்கத்தில் லேப்டாப் ஸ்பேராக. ஜனங்கள் பார்க்க வருவது அந்தப் பச்சை மெம்பிரேன் சுவிட்ச் வரிசையோடு நீங்கள் நிற்பதையும் சேர்த்துத்தான்.

நம் ஊர் ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை, சுவரே வியர்க்கும். துணி அலமாரியில் பூஞ்சணம் வராமல் இருக்கப் பல்பு எரிய விடுவோமே, கீபோர்டுக்கும் அதையே செய்யுங்கள், தூரமாக வைத்து, மெல்லிய சூடு மட்டும். வால்யூம் ஸ்லைடர் கரகரக்கும், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சரியாகும். சாவிகளில் சில மட்டும் பலமாகவோ, சத்தமே இல்லாமலோ வந்தால் அடியில் உள்ள கான்டாக்டில் அழுக்கு, பிரித்துத் துடைக்க வேண்டும்.

நான் அடிக்கடி பார்க்கும் ஒரு விபத்து இது. ராத்திரி முழுக்க வேனிலேயே சாமானை வைத்துவிட்டு, காலையில் ஐஸ் மாதிரி ஜில்லிட்டுக் கிடக்கும் ஆம்ப்ளிஃபயரை மண்டபத்துக்குள் கொண்டுவந்து உடனே பவர் போடுவார்கள். உள்ளே ஜனங்கள் மூச்சும் டீ அண்டாவின் ஆவியும் சேர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். ஜில்லென்ற சர்க்யூட் மேல் அந்த ஈரம் முத்து முத்தாகப் படியும். ஒரு மணி நேரமாவது மூடியைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். கிதாரும் அப்படித்தான், குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறியிருக்கும், கூட்டம் சேர்ந்து மண்டபம் சூடாக ஆக இறங்கும். முதல் பாட்டு முடிந்ததும் ஒரு தடவை டியூனரைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மைக்குக்கு போலீஸ் ஸ்டேஷனில் அனுமதி எழுதி வாங்கிவிடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆனால் அதுவரை போகவே வேண்டாம், ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடியுங்கள். கிராமங்களுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவர்கள் பாதியில் எழுந்து போவது வாசிப்பவர்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கீழே இருந்து காரில் வருகிறவர்களிடம் இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள். கோர்ட் உத்தரவில் 2024 மே மாதத்திலிருந்து நடப்பதுதான், ஆனாலும் கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு போன் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் லீவு சமயம், அதனால் முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது.

கல்லட்டி கிதார்:

சுருதி இறக்குவதில் கிதார்காரருக்குள்ள பிரச்சினையை யாரும் சொல்லவில்லை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கினால் முடிந்தது. கிதாரில் அரைக்கட்டை என்றால் எல்லாக் கம்பியையும் தளர்த்திக்கொள்ளலாம், ஒரு கட்டை இறக்கினால் கம்பி தொளதொளவென்று ஆகிவிடும், ஒரு சைஸ் தடித்த கம்பி போட வேண்டும். போட்டால் கம்பியைத் தாங்கும் பாலத்தையும் கிதாரின் கழுத்தையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும், அதைக் கச்சேரி வாரத்தில் செய்யாதீர்கள். ஆனால் போலீஸ் பாட்டுகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. அந்தக் குழுவின் கிதார்காரர் ஆண்டி சம்மர்ஸ் வாசிப்பது பெரும்பாலும் விரலை அகட்டிப் பிடிக்கிற வடிவங்கள், திறந்த கம்பியை அதிகம் நம்பாதவை, அதனால் அப்படியே கழுத்தில் ஒரு ஃபிரெட் (கட்டம்) இரண்டு ஃபிரெட் கீழே நகர்த்திவிடலாம். கீழே போகப் போக ஃபிரெட் இடைவெளி அகலம் என்பதால் சுண்டுவிரல் கொஞ்சம் அழும். அறுபது வயது விரலுக்கு இப்போதே பழக்கம் ஆரம்பிக்க வேண்டும். அந்த 2007 சுற்றுப்பயணம் தொடங்கும்போது சம்மர்ஸுக்கு அறுபத்து நான்கு வயது, இதை உங்கள் ஆளிடம் சொல்லுங்கள்.

அருவங்காடு கீபோர்டு:

எல்லோருக்கும் நன்றி. லேபிளைப் பார்த்தேன், 100 வோல்ட்தான். டிரான்ஸ்பார்மர் எங்கேயோ போய்விட்டது, தேட வேண்டும். சொல்லாமல் இருந்திருந்தால் நேரே சொருகியிருப்பேன்.

பேஸ் விஷயத்தில் இன்னும் மனது ஒரு நிலையில் நிற்கவில்லை. அவருடைய மகன் பேஸ் வாசிப்பான், கோயம்புத்தூரில் வேலை. அவனாகவே போன் செய்து, அப்பாவின் கிதார் வீட்டில் இருக்கிறது, நான் வரட்டுமா அங்கிள் என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. டிரம்மர் உடனே சரி என்கிறார். பாடுகிறவர், வேண்டாம், அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், ஒரு ஸ்டாண்டில் கிதாரை மட்டும் வைப்போம் என்கிறார். இரண்டும் எனக்குப் புரிகிறது.

கொடைக்கானல் பேஸ்:

அங்கிள், எனக்கு இருபத்து நான்கு வயது, பேஸ் வாசிக்கிறேன். அந்தப் பையன் இடத்தில் என்னை வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். அவனை வரச் சொல்லுங்கள்.

காலி ஸ்டாண்டு வைப்பது பார்க்க உருக்கமாக இருக்கும், ஆனால் இரண்டு மணி நேரமும் ஜனங்கள் அதையே பார்ப்பார்கள், உங்கள் மூன்று பேரையும் பார்க்க மாட்டார்கள். டெபெஷ் மோட் குழுவில் ஆண்டி ஃபிளெட்சர் 2022 மே மாதம் இறந்தார். மீதி இரண்டு பேரும் 2023இல் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். அவர் இடத்துக்கு யாரையும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை, காலி இடத்தைக் காட்டிக்கொண்டும் இருக்கவில்லை. ஒரே ஒரு பாட்டின்போது மட்டும் பின்னால் உள்ள பெரிய திரையில் அவர் முகம் வந்தது. அந்த வீடியோவைப் பாருங்கள், அவ்வளவு பெரிய கூட்டமும் அவருக்காகக் கை தூக்கும். அந்த ஒரு பாட்டே போதுமானதாக இருந்தது.

இன்னொரு காரணம், சங்கீதக் காரணம். இந்த வகைப் பாட்டில் பேஸ் பின்னால் நிற்கிற வாத்தியம் இல்லை. டுரான் டுரானில் ஜான் டெய்லர் வாசிப்பதைக் கேட்டால் பாட்டையே அதுதான் நடத்திப் போகும். போலீஸில் ஜமைக்காவின் ரெகே இசைச் சாயல் வருகிற இடங்களில் ஸ்டிங் எங்கே வாசிக்காமல் விடுகிறார் என்பதில்தான் பாட்டே நிற்கிறது. அதையெல்லாம் நீங்கள் இடது கையில் வாசித்தால் வலது கையில் பாதி போய்விடும். கீபோர்டு பேஸ் கார்ஸ் பாட்டுகளுக்குச் சரி, அவை அப்படி ஏற்கும். மற்றதற்கு விரலும் கம்பியும் வேண்டும்.

பையன் அவன் அப்பாவைப் போல வாசிக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பழைய ஒத்திகை கேசட் எதுவும் இருந்தால் அவனுக்குக் கொடுங்கள், கேட்டுவிட்டு அவன் விருப்பப்படி வாசிக்கட்டும்.

பழைய கேசட், கொடைக்கானல்:

தம்பி சொன்னது சரி. நான் மேலே சொன்ன கார்ஸ் கதையைவிட இதுதான் நல்ல வழி.

ஒன்று கேட்க விட்டுப்போனது. அண்ணா, ஆரம்பத்தில் இருந்து நடுவில் விலகியவர்கள் யாராவது உண்டா? உண்டென்றால் போஸ்டர் ஒட்டும் முன்பு அவர்களிடம் சொல்லிவிடுங்கள். பிளாண்டி குழு 1982இல் கலைந்து, கிதார்காரர் கிறிஸ் ஸ்டைன் நோயிலிருந்து தேறி, 1997இல் திரும்பச் சேர்ந்தபோது பழைய ஆட்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006இல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் அவர்களில் ஒருவரான ஃபிராங்க் இன்ஃபான்டே, எல்லோர் முன்னிலையிலும், நாங்களும் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டார், பாடகி டெபி ஹாரி மறுத்தார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், ஆனால் அந்த நிமிடத்தைப் பார்க்கவே சங்கடம்.

அதே பிளாண்டியிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்லதும் இருக்கிறது. அவர்கள் வெறும் பழைய பாட்டோடு வரவில்லை. கீபோர்டுக்காரர் ஜிம்மி டெஸ்ட்ரி எழுதிய ‘மரியா’ என்ற புதுப் பாட்டு 1999 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. 1979இல் ‘ஹார்ட் ஆஃப் கிளாஸ்’ முதலிடம் பிடித்து இருபது வருடம் கழித்து! அப்போது டெபி ஹாரிக்கு ஐம்பத்து மூன்று. கவனியுங்கள், எழுதியது கீபோர்டுக்காரர். நீங்கள் அந்தக் காலத்தில் சொந்தமாக ஏதாவது போட்டிருப்பீர்கள், நிச்சயம். தமிழில் இருந்தாலும் சரி. ஒன்றாவது வாசியுங்கள். மற்றவர்கள் பாட்டை மட்டும் வாசித்தால் ஊர் கைதட்டும், உங்கள் பாட்டை வாசித்தால்தான் இந்தக் குழு திரும்பி வந்தது என்று அர்த்தம்.

கோத்தகிரி பாட்டு டீச்சர்:

மூன்றாவது நான்காவது பாட்டுக்குள் ஒரு தமிழ்ப் பாட்டும் வைத்துவிடுங்கள் தம்பி. கூட்டத்தில் பாதிப் பேர் உங்கள் கல்யாணக் கச்சேரியில் ஆடியவர்கள். படுகப் பாட்டு ஒன்று தெரிந்தால் அதையும். அந்த மெட்டு தொடங்கினால் நம் ஜனங்கள் கை கோத்து வட்டமாக எழுந்துவிடுவார்கள், நாற்காலிக்கு முன்னால் இடம் விட்டு வையுங்கள்.

அருவங்காடு கீபோர்டு:

பையனிடம் இன்று காலை பேசினேன், வருகிறான். பாடுகிறவரிடமும் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்படியென்றால் ஒத்திகையை நான்கு நாள் முன்பே வைத்துக்கொள்ளலாம், அவனோடு பழக வேண்டும் என்றார். சுருதி பற்றி டீச்சர் சொன்ன முறையில் போனிலேயே பாட வைத்துப் பார்த்தோம். இரண்டு பாட்டு அரைக்கட்டை, ஒன்று முழுக்கட்டை இறங்குகிறது. மற்றவை அப்படியே வருகின்றன, அதில் அவருக்குப் பெரிய சந்தோஷம்.

முதல் கிதார்காரர் ஒருவர் உண்டு, குழு ஆரம்பித்தபோது இருந்து பிறகு விலகியவர். கூடலூரில் இருக்கிறார். நாளை நேரில் போய்க் கூப்பிடப் போகிறேன்.

சொந்தப் பாட்டு ஒன்று இருக்கிறது, தமிழில், பேஸ்காரர் வரிகள் எழுதியது, நான் மெட்டு. கேசட்டில் பாதிதான் கேட்கிறது, நடுவில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. ஊட்டி சார், இதைச் சுத்தம் செய்ய முடியுமா? அப்புறம் டிரான்ஸ்பார்மர் எவ்வளவு பெரியது வாங்க வேண்டும்?

மைக் செட்காரன், ஊட்டி:

கேசட்டை மறுபடி பிளேயரில் போடாதீர்கள் சார், பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டும், டேப்பும் கிழியும். சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு மூடின டப்பாவில் சில நாள் வைத்து நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் கேசட்டின் வெளிக்கூட்டைத் திறந்து ரீலை வேறு கூட்டுக்கு மாற்றி, மெத்தென்ற துணி இடையில் ஓட மெதுவாகக் கையால் சுற்றிவிட்டு, ஒரே ஒரு தடவை ஓட்டி அப்போதே கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் தொட வேண்டாம், கொண்டுவாருங்கள், நான் செய்து தருகிறேன். டிரான்ஸ்பார்மர் சின்னதே போதும், அந்த மெஷின் இழுக்கும் கரண்ட் ரொம்பக் குறைவு. 100 வாட் ஸ்டெப்-டவுன், வெளியே 100 வோல்ட் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், 110 என்று போட்டிருப்பதைக் கடையில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். சொருகும் முன்பு மீட்டர் வைத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.